ரெண்டு டீச்சர், அஞ்சு க்ளாஸ்: பக்கத்துல இருக்குற அரசு தொடக்கப் பள்ளிகளை எதை வெச்சு ஒப்பிடணும்?

அரசுப் பள்ளிகள்ல அட்மிஷன் ஆரம்பிச்சதும் எல்லா ஊர்லயும் ஒரே கேள்விதான் வருது, நடந்து போற தூரத்துல மூணு நாலு அரசு தொடக்கப் பள்ளி இருக்கு, எதுல பிள்ளையச் சேர்க்குறது. கூடவே செய்திகள் வேற குழப்புது. ஒரு நாள் "ஆசிரியர் மாணவர் விகிதம் தமிழ்நாட்டுல நல்லா இருக்கு"ன்னு வருது, அடுத்த வாரமே "ஒரே டீச்சர் அஞ்சு வகுப்பையும் பார்க்குறாரு"ன்னு இன்னொரு செய்தி வருது. ரெண்டுமே உண்மைதான். ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையா இருக்குன்னு புரிஞ்சுட்டா பள்ளிகளை ஒப்பிடுற வேலைல பாதி முடிஞ்ச மாதிரி.

பெரும்பாலும் நாம ஒப்பிடுறது புது பெயிண்ட், காம்பவுண்டு சுவர், "ஆங்கில வழி உண்டு" போர்டு, மொத்தம் எத்தனை பிள்ளைங்க, இவ்வளவுதான். ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் ஒரு பிள்ளையோட படிப்பைத் தீர்மானிக்கிற விஷயம் வேற, அந்தப் பிள்ளையோட டீச்சர் ஒரே நேரத்துல எத்தனை வகுப்பைக் கையில வெச்சிருக்காருங்கிறதுதான் அது. இந்த நம்பரை யாரும் நேரா போடுறதில்ல, ஆனா கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல.

1. முதல்ல, இது யாரோட பள்ளி?

"அரசுப் பள்ளி"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுறோம், உள்ள பல நிர்வாகம் இருக்கு. மதுரை மாவட்டத்துல உசிலம்பட்டி, செல்லம்பட்டி பக்கத்தை எடுத்துக்கோங்க. அங்க ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி இருக்கும், கள்ளர் சீரமைப்புத் துறை பள்ளி இருக்கும் (பிரமலைக் கள்ளர் சமூகத்துப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள்ல மட்டும் இருக்குற வகை), ஆதிதிராவிடர் நலத் துறை பள்ளி இருக்கும், அரசு உதவி பெறும் தனியார் பள்ளியும் இருக்கும், டவுனுக்குள்ள வந்தா நகராட்சிப் பள்ளி. பாடப்புத்தகம் எல்லாத்துலயும் ஒண்ணுதான். யார் டீச்சரை நியமிக்கிறாங்க, காலியிடம்னா யார்கிட்ட போய்க் கேக்கணும், கட்டடம் ரிப்பேர்னா எந்தத் துறை காசு குடுக்கும், இதெல்லாம்தான் மாறுது.

ஊராட்சி ஒன்றியப் பள்ளின்னா வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. கிட்ட போகணும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கு மதுரைல தனி இணை இயக்குநர் இருக்காரு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு அந்தத் துறையோட மாவட்ட அலுவலர். இந்தத் தனித்தனித் துறைப் பள்ளிகளை எல்லாம் பள்ளிக் கல்வித் துறைக்குக் கீழ கொண்டு வரப்போறதா 2023 மார்ச் பட்ஜெட்ல அறிவிச்சாங்க, அதுக்கு எதிர்ப்பும் கிளம்புச்சு. பெற்றோருக்கு இதுல முக்கியமானது ஒண்ணுதான். டீச்சர் டிரான்ஸ்ஃபர் ஒவ்வொரு துறைலயும் தனித்தனியாதான் நடக்கும், அதனால பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு பள்ளில ஒண்ணுல டீச்சர் கூடுதலாவும் இன்னொண்ணுல காலியாவும் இருந்தாக்கூட ஒருத்தரைத் தூக்கி அங்க போட்டுட முடியாது.

இன்னொரு வித்தியாசம், தொடக்கப் பள்ளின்னா 1 முதல் 5 வரைக்கும், நடுநிலைப் பள்ளின்னா 1 முதல் 8 வரைக்கும். நடுநிலைப் பள்ளியோட மொத்த டீச்சர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது. அதுல பட்டதாரி ஆசிரியர்கள் 6, 7, 8க்கு, சின்ன வகுப்புகளுக்கு இருக்குறது இடைநிலை ஆசிரியர்கள். உங்க பிள்ளை ஒண்ணாவதுல சேரப் போகுதுன்னா இடைநிலை ஆசிரியர் எத்தனை பேருன்னு தனியா கேளுங்க.

2. டேட்டா எங்க இருக்கு, அது எவ்வளவு பழசு?

நாட்டுல இருக்குற ஒவ்வொரு பள்ளிக்கும் யுடைஸ் கோடுன்னு 11 இலக்க நம்பர் உண்டு, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33ல ஆரம்பிக்கும். பள்ளிகளோட தகவலை மத்திய அரசு திரட்டி வைக்குற யுடைஸ் ப்ளஸ் வெப்சைட்ல "உங்கள் பள்ளியை அறிந்துகொள்ளுங்கள்"ங்கிற மாதிரி ஒரு பகுதி இருக்கு, அதுல கோடு போட்டோ பேரைப் போட்டோ தேடினா வகுப்புவாரியா பிள்ளைங்க எண்ணிக்கை, டீச்சர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, குடிதண்ணி, நூலகம் எல்லாம் வரும்.

படிக்கும்போது ரெண்டு விஷயம் மனசுல இருக்கட்டும். இதை நிரப்புறது அந்தப் பள்ளி தலைமை ஆசிரியர், மேல இருக்குறவங்க சரிபார்ப்பாங்க. ரெண்டாவது, எண்ணிக்கையெல்லாம் செப்டம்பர் 30ம் தேதி நிலவரம். அதாவது நீங்க மே மாசம் உக்காந்து பார்க்குறது போன வருஷக் கதை, அதுக்கப்புறம் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் நடந்து டீச்சர் மாறியிருக்கலாம், ரிட்டயர் ஆகியிருக்கலாம். அதனால டீச்சர் எண்ணிக்கைய மட்டும் நேர்ல போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கணும்.

3. விகிதம் எங்க ஏமாத்துது

இதுதான் கட்டுரையோட முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

2009 கல்வி உரிமைச் சட்டம் (2010 ஏப்ரல் 1ல இருந்து அமல்) தொடக்க வகுப்புகளுக்கு 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர்னு சொல்லுது. சட்டத்தோட அட்டவணைல இப்படிப் பிரிச்சிருக்காங்க:

- 60 பிள்ளைங்க வரைக்கும்: 2 டீச்சர்
- 61 முதல் 90 வரை: 3 டீச்சர்
- 91 முதல் 120 வரை: 4 டீச்சர்
- 121 முதல் 200 வரை: 5 டீச்சர் (150ஐத் தாண்டினா தனியா ஒரு தலைமை ஆசிரியரும்)

கவனிச்சீங்களா, எல்லாமே தலை எண்ணிக்கைதான், வகுப்பு எண்ணிக்கை கணக்குலயே வரல. 60 பிள்ளை இருக்குற பள்ளிலயும் வகுப்பு அஞ்சுதான், பாடப்புத்தகமும் அஞ்சு வகுப்புக்குத்தான், டீச்சர் மட்டும் ரெண்டு பேர். சட்டப்படி அந்தப் பள்ளில ஒரு குறையும் இல்ல. வகுப்புக்கு ஒரு டீச்சர் வேணும்னா 121 பிள்ளைங்க சேர்ந்தாகணும், கிராமத்துத் தொடக்கப் பள்ளி பலதுல அவ்வளவு பிள்ளைங்களே கிடையாது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம், நம்பர் எல்லாம் புரியுறதுக்காக நானே எடுத்துக்கிட்டது.

- அ பள்ளி: 18 பிள்ளைங்க, 2 டீச்சர். ஒரு டீச்சருக்கு 9 பேர்.
- ஆ பள்ளி: 58 பிள்ளைங்க, 2 டீச்சர். ஒரு டீச்சருக்கு 29 பேர்.
- இ பள்ளி: 130 பிள்ளைங்க, 5 டீச்சர். ஒரு டீச்சருக்கு 26 பேர்.

விகிதத்தை மட்டும் பார்த்தா அ பள்ளிதான் டாப், மத்த ரெண்டும் கிட்டத்தட்ட சமம். வகுப்பு வெச்சுப் பார்த்தா படமே மாறிடுது. அ, ஆ ரெண்டுலயும் ஒருத்தர் 1, 2, 3ஐப் பார்ப்பாரு, இன்னொருத்தர் 4, 5. இ பள்ளில ஒரு டீச்சருக்கு ஒரே வகுப்பு. சட்டப்படி வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்கணும். மூணு வகுப்பை ஒருத்தர் பார்த்தா ஒரு வகுப்புக்கு நேரடியா கிடைக்கிறது சுமார் 266 மணி நேரம். மீதி நேரம் பிள்ளைங்க எழுதிக்கிட்டு இருப்பாங்க, இல்ல அடுத்த வகுப்புக்கு நடக்குற பாடத்தைக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க.

அதுக்காக அ பள்ளி மோசம்னு முடிவு பண்ணிடாதீங்க. 9 பேருன்னா டீச்சர் ஒவ்வொரு பிள்ளை பக்கத்துலயும் உக்காந்து நோட்டைப் பார்க்க முடியும், எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்துல தடுமாற்றம்னு அவருக்குத் தெரியும். அதோட பிரச்சனை வேற, ஒருத்தர் லீவு போட்டாலோ மீட்டிங் போனாலோ அன்னைக்கு அது ஓராசிரியர் பள்ளி. ரெண்டு பேர்ல ஒருத்தர் தலைமை ஆசிரியர்ங்கிறதையும் மறக்கக் கூடாது, எமிஸ்ங்கிற கல்வித் துறை ஆன்லைன் பதிவு, ஆஃபீஸ் வேலை, சத்துணவுக் கணக்கு, பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் கூடுற குறுவள மையக் கூட்டம் எல்லாம் அவர் தலைலதான். உண்மைல ரொம்ப சிரமப்படுறது ஆ பள்ளிதான், 58 பிள்ளைங்க, பல வகுப்பு, ரெண்டே பேர், பேப்பர்ல எல்லாம் சரியா இருக்குறதால யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. இதை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா அங்க வேலை பார்க்குற டீச்சர் எவ்வளவு உழைச்சாலும் நேரம்னு ஒண்ணு பத்தாது.

செய்தில வர்ற முரண்பாடும் இங்கதான் இருக்கு. சின்னச் சின்னப் பள்ளி நிறைய இருந்தா மாநில விகிதம் தானா அழகா வந்துடும், அதே பள்ளிகள்லதான் ஒரே டீச்சர் பல வகுப்பைப் பார்க்குறதும் நடக்கும்.

4. பல வகுப்பு ஒரே அறைன்னா படிப்பே வராதா?

வரும், அதுக்குன்னு முறை இருந்தா. தமிழ்நாட்டுக்கு இதுல நல்ல அனுபவம் உண்டு. ஆந்திராவுல ரிஷி வேலிங்கிற இடத்துல கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்து 2003 வாக்குல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சு 2007ல மாநிலம் முழுக்கப் போச்சு, பிள்ளை தன் வேகத்துல அட்டையை எடுத்து ஏணிப்படி மாதிரி ஏறிப் போகும். 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒண்ணு முதல் மூணு வரைக்கும் பிள்ளைங்களை வகுப்பு வெச்சுப் பிரிக்காம அரும்பு, மொட்டு, மலர்னு நிலை வெச்சுப் பிரிக்குது, அடுத்த வருஷமே 4, 5க்கும் வந்துச்சு.

அதனால பல வகுப்பு ஒண்ணா இருக்குற பள்ளிக்குப் போனா பார்க்க வேண்டியது இதுதான்: டீச்சர் ஒரு குழுவோட இருக்கும்போது மத்த குழு என்ன பண்ணுது? கையில பயிற்சிப் புத்தகம், அட்டை, அதுல அவங்க நிலைக்கு ஏத்த வேலை இருக்கா, இல்ல போர்டுல எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதிக்கிட்டே இருக்காங்களா? பத்து நிமிஷம் நின்னு பார்த்தா தெரிஞ்சிடும்.

5. ஆங்கில வழி போர்டு

2012-13ல இருந்து அரசுப் பள்ளிகள்ல ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துச்சு, பெற்றோர் ஆசைப்படுறதும் நியாயம்தான். ஆனா ரெண்டு டீச்சர் பள்ளில ஆங்கில வழி ஆரம்பிச்சா என்ன நடக்குதுன்னு யோசிங்க, தனி டீச்சர் வர்றதில்ல, அதே டீச்சர் அதே அறைல மூணு வகுப்பை ரெண்டு மொழில நடத்தணும், அதாவது ஆறு வகுப்புக்குச் சமம். அதனால போர்டைப் பார்த்ததும் கேக்க வேண்டியது, ஆங்கில வழிக்குத் தனி அறை, தனி டீச்சர் இருக்கா? இல்லைன்னா ஆங்கிலப் பாடத்தை மட்டும் நல்லா நடத்துற தமிழ் வழிப் பள்ளி பிள்ளைக்கு நல்லதுங்கிறது என் கருத்து.

6. மார்க், சர்வே இதையெல்லாம் வெச்சு ஒப்பிட முடியாதா?

தொடக்கப் பள்ளிக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வுன்னு 2019ல அறிவிச்சு 2020 பிப்ரவரில வாபஸ் வாங்கிட்டாங்க, சின்னப் பிள்ளைங்க விஷயத்துல அது சரியான முடிவு. அப்போ சர்வே?

1. ஏசர் அறிக்கை: கிராமப்புறத்துல வீடு வீடா போய் எடுக்குறது. மாவட்டம், மாநிலம் லெவல்ல பேசும், உங்க தெருப் பள்ளியைப் பத்தி எதுவும் சொல்லாது.
2. தேசிய அடைவுத் தேர்வு (2021 நவம்பர்), அதுக்கப்புறம் 2024 டிசம்பர்ல நடந்த பரக் சர்வே: சில பள்ளிகளை மாதிரியா எடுத்து நடத்துறது. இதுவும் மாவட்ட லெவல்தான்.
3. பள்ளிலயே நடக்குற தேர்வு: அதே டீச்சர் நடத்தி அதே டீச்சர் திருத்துறது, பிள்ளைக்கு எங்க உதவி வேணும்னு தெரிஞ்சுக்க நல்லது, ரெண்டு பள்ளியை ஒப்பிட ஆகாது.

அதைவிடப் பெரிய சிக்கல் எண்ணிக்கை. அஞ்சாவதுல 6 பிள்ளைங்கதான் இருக்காங்கன்னு வைங்க, ஒரு பிள்ளைக்கு அன்னைக்குக் காய்ச்சல்னா சதவீதம் 100ல இருந்து 83க்கு இறங்கிடும். இந்த மாதிரி நம்பரை வெச்சு "போன வருஷம் நல்லா இருந்துச்சு, இந்த வருஷம் சரிஞ்சிடுச்சு"ன்னு பேசுறது அந்த டீச்சருக்குச் செய்யுற அநியாயம்.

இதுக்குப் பதிலா எளிமையான ஒண்ணு பண்ணலாம். தலைமை ஆசிரியர்கிட்ட அனுமதி கேட்டு நாலாவது படிக்கிற நாலஞ்சு பிள்ளைங்களை ரெண்டாவது வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துல ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்க. எழுத்துக்கூட்டிப் படிக்குதா, ஓட்டமா படிக்குதா, படிச்சதுல இருந்து ஒரு கேள்வி கேட்டா பதில் வருதா. அப்புறம் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு ஒண்ணு. நல்லா படிக்கிற பிள்ளையை முன்னாடி நிறுத்துவாங்க, அது இயல்பு, கடைசி வரிசைல உக்காந்திருக்குற பிள்ளையையும் அன்பா கூப்பிட்டு உக்கார வைங்க. ஒரு பள்ளியோட தரம் அந்தக் கடைசி வரிசைலதான் தெரியும்.

7. வகுப்புவாரி எண்ணிக்கையைப் படிக்கிற முறை

யுடைஸ்ல வர்ற அஞ்சு நம்பரை வரிசையா எழுதுங்க. 4, 6, 9, 12, 14ன்னு ஒண்ணாவதுல கம்மியா இருந்து அஞ்சாவதுல அதிகமா இருந்தா பள்ளி சுருங்கிக்கிட்டு வருது. தலைகீழா இருந்தா வளருது. ஆனா சுருங்குறதுக்கு எப்பவும் பள்ளியே காரணம் இல்ல. தமிழ்நாட்டோட மொத்தக் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியா பிறக்குற குழந்தைங்க எண்ணிக்கை, மத்திய அரசோட 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி (எஸ்.ஆர்.எஸ்.) 1.4தான், ஊர்ல பிள்ளைங்களே குறைஞ்சுட்டு வருது. அதனால சுத்தி இருக்குற மூணு நாலு பள்ளிக்கும் இதே கணக்கை எழுதுங்க. எல்லாம் சுருங்குதுன்னா ஊர் காரணம், ஒண்ணு மட்டும் சுருங்குதுன்னா அங்க என்னமோ இருக்கு, விசாரிக்கணும்.

இதோட விளைவு பெரிசு. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைங்களை எண்ணி டீச்சர் பணியிடம் நிர்ணயம் பண்ணுவாங்க, கணக்குக்கு மேல இருக்குற டீச்சரைப் பணி நிரவல்ல வேற பள்ளிக்கு மாத்துவாங்க. 63 பிள்ளைங்க இருந்த பள்ளில நாலு பேர் டி.சி. வாங்கினா 59, மூணாவது டீச்சர் இடம் போகும். டீச்சர் போனா இன்னும் நாலு பெற்றோர் கிளம்புவாங்க. நல்லா இருந்த பள்ளியே சில வருஷத்துல இப்படி ஆயிடுறது உண்டு. அதனால 60, 90, 120ங்கிற எல்லைக்குப் பக்கத்துல நிக்கிற பள்ளின்னா உங்க ஒரு பிள்ளை சேர்றதுகூட ஒரு பணியிடத்தைக் காப்பாத்தலாம், அதுவும் ஆகஸ்ட் 1க்கு முன்னாடி சேர்ந்தா.

8. சாப்பாடு, தண்ணி, கழிப்பறை

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல மதுரைல தொடங்கி வெச்சு, முதல்ல மாநிலத்துல 1,545 பள்ளிகளுக்குன்னு ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, 2024 ஜூலைல கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட்ல நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும். ஆக இப்போ பள்ளிக்குப் பள்ளி திட்டத்துல வித்தியாசம் இல்ல, நடத்துற விதத்துலதான். காலைல எட்டரை வாக்குல போனா உப்புமாவோ பொங்கலோ சூடா வருதா, சாம்பார் தண்ணியா இருக்கான்னு கண்ணால பார்க்கலாம்.

கழிப்பறை விஷயத்துல டேட்டாவை நம்பாதீங்க. "பயன்பாட்டில் உள்ளது"ன்னு போட்டிருக்கும், போய்ப் பார்த்தா கதவுல பூட்டு, சாவி ஆஃபீஸ் ரூம்ல. உள்ள குழாய்ல தண்ணி வருதா, பக்கெட்டு கப்பு இருக்கா, பொம்பளைப் பிள்ளைங்க கழிப்பறைக் கதவுல உள்தாழ்ப்பாள் இருக்கா, இந்த மூணையும் பாருங்க. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு, அதுக்காகத் தண்ணியே குடிக்காம இருக்குற பிள்ளைங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க.

9. அஞ்சாவது முடிஞ்ச பிறகு

மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, 2021ல பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகளுக்கும். இதுல கணக்குல எடுத்துக்குறது 6 முதல் 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சது. காலேஜ் படிக்கிற பொண்ணுங்களுக்கான புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய்க்கும் இதே 6 முதல் 12தான். உதவி பெறும் பள்ளிக்கு விதி திட்டத்துக்குத் திட்டம் மாறுது, புதுமைப் பெண்ல பிற்பாடு உதவி பெறும் பள்ளில தமிழ் வழி படிச்சவங்களைச் சேர்த்தாங்க, 7.5 சதவீதத்துல உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்க இல்ல. அதனால தொடக்கப் பள்ளி எது எடுத்தாலும் இதுல நேரடி பாதிப்பு இல்ல, ஆனா அங்க இருந்து ஆறாவதுக்கு எந்தப் பள்ளிக்குப் போவாங்க, பஸ் ரோட்டைத் தாண்டணுமான்னு இப்பவே பார்த்து வெச்சுக்கணும். நடுநிலைப் பள்ளிக்கு இங்கதான் ஒரு பலம், எட்டாவது வரைக்கும் அலைச்சல் இல்ல.

10. சேர்த்த பிறகு கையில இருக்குற அதிகாரம்

ஒவ்வொரு அரசுப் பள்ளிலயும் பள்ளி மேலாண்மைக் குழு, எஸ்.எம்.சி., இருக்கணும்னு சட்டம் சொல்லுது. முக்கால்வாசி உறுப்பினர் பெற்றோர், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுறது இவங்க வேலை. தமிழ்நாட்டுல 2022லயும் 2024லயும் இந்தக் குழுக்களைப் புதுசா அமைச்சாங்க. காலியா இருக்குற இடத்துல தற்காலிக ஆசிரியரை எடுக்குறதும் 2022ல இருந்து இந்தக் குழு வழியா நடந்திருக்கு.

அதனால பள்ளிகளை ஒப்பிடும்போது எஸ்.எம்.சி. தீர்மான நோட்டு ஒரு நல்ல அளவுகோல். போன கூட்டத்துல என்ன பேசினாங்க, பெற்றோர் எத்தனை பேர் வந்தாங்க, "இடைநிலை ஆசிரியர் பணியிடம் ஒண்ணு காலி"ன்னு தீர்மானம் போட்டு பி.இ.ஓ. ஆஃபீஸுக்கு அனுப்பினாங்களா, அதுக்குப் பதில் வந்துச்சா. ரெண்டு பள்ளி மத்த எல்லாத்துலயும் சமமா இருந்தா நான் இந்த நோட்டுல கையெழுத்து அதிகமா இருக்குற பள்ளியைத்தான் சொல்லுவேன், டீச்சர் ஒருத்தர் லீவுல போன அன்னைக்கும் அந்தப் பள்ளியைக் கவனிக்க ஊர்ல ஆள் இருக்காங்கன்னு அர்த்தம்.